ரொட்டிக்கும் வாழ்வுக்கும் ஒரே சொல்

குவைத்தில் சோற்றுக்கு 'ஐஷ்' என்று பெயர். எகிப்துக்காரரிடம் போய் ஐஷ் கேட்டால் ரொட்டியை எடுத்து நீட்டுவார். 2008இல் ஷுவைக் தொழிற்பேட்டையில் ஒரு கட்டுமான கம்பெனியின் ஸ்டோரில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் மந்தூப் எகிப்துக்காரர். இகாமா (தங்கும் அனுமதி), மெடிக்கல், கைரேகை என்று கம்பெனி ஆட்களுக்காக அரசு அலுவலகங்களுக்கு அலைகிறவர்தான் மந்தூப். வளைகுடாவில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெயில் நேரத்தில் ஸ்டோருக்கு வந்து என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவார். என் டிபன் டப்பாவில் இருக்கும் சோற்றைக் காட்டி "இது ருஸ்" என்பார். தன் கையில் இருக்கும் குபூஸ் ரொட்டியைக் காட்டி "இதுதான் ஐஷ்" என்பார். அந்தச் சொல்லுக்கு அரபியில் வேர்ப்பொருள் வாழ்வு, பிழைப்பு. எந்த ஊரில் எதைத் தின்று உயிர் பிழைக்கிறார்களோ அங்கே அதற்கு அந்தப் பெயர் என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார்.

2011 ஜனவரி கடைசியில் அல் ஜசீராவில் எகிப்துத் தலைநகர் கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தைக் காட்டிக்கொண்டே இருந்தார்கள். கூட்டம் திரும்பத் திரும்பச் சொன்ன கோஷம், "ஐஷ், ஹுர்ரியா, அதாலா இக்திமாயிய்யா". ரொட்டி, விடுதலை, சமூக நீதி. அதில் முதல் சொல் மட்டும் எனக்கு யாரும் சொல்லாமலே விளங்கியது. இத்தனை வருடம் ஆகியும் அரபு நாடுகளின் எழுச்சியைப் பற்றி என்ன படித்தாலும் என் மனம் அந்த முதல் சொல்லிலேயே போய் நிற்கிறது.

அதுவரை மந்தூப் அரசியல் பேசி நான் கேட்டதில்லை. எகிப்து அதிபர் முபாரக்கின் பெயர் டிவியில் வந்தாலே ரிமோட்டை எடுத்து சத்தத்தைக் குறைப்பார். எகிப்தை விட்டு ஆயிரம் மைல் தள்ளி வந்தும் ஏன் இந்தப் பயம் என்று எனக்குப் புரியவில்லை. பிற்பாடு தெரிந்தது: 2010 ஏப்ரலில், முபாரக்கை எதிர்த்து அரசியலுக்கு வந்த எல்பராதேயை ஆதரித்துக் கூடினார்கள் என்பதற்காக ஒரு டஜனுக்கும் மேற்பட்ட எகிப்தியரைக் குவைத் பிடித்து நாடு கடத்தியிருந்தது. அவர்களின் இகாமா என்ன ஆயிற்று என்று ஒரு மந்தூப்புக்குத் தெரியாமல் இருக்குமா?

பிப்ரவரி 11 வெள்ளிக்கிழமை. கேம்ப்பில் எல்லோருக்கும் விடுமுறை. எங்களுக்கு மாலை ஏழு மணி இருக்கும். எகிப்தின் துணை அதிபர் உமர் சுலைமான் திரையில் வந்து அரை நிமிடம் பேசினார். முபாரக் பதவி விலகிவிட்டார். பக்கத்து எகிப்தியர் அறையிலிருந்து வந்த சத்தத்தில் தீ ஏதும் பிடித்துவிட்டதோ என்று ஓடினோம். மந்தூப் கட்டில் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். ஐம்பதை நெருங்கிய மனிதர், கனத்த உடம்பு. என்னைப் பார்த்ததும் இறங்கி வந்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, "யா சதீக் (நண்பா), முப்பது வருஷம், முப்பது வருஷம்" என்றார். அழுகையும் சிரிப்புமாக அவர் முகம் இருந்த நிலை இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அன்று இரவுதான் அவர் தன் ஊரைப் பற்றிப் பேசினார். மஹல்லா அல்-குப்ரா. நைல் டெல்டாவில் பெரிய மில் ஊர். அங்கிருக்கும் அரசு நூற்பு நெசவு ஆலையில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள். அவர் அண்ணனும் அதில் ஒருவர். 2006இல் அரசு இரண்டு மாதச் சம்பளத்தைப் போனஸாக அறிவித்தது. டிசம்பர் சம்பளக் கவரைத் திறந்தால் அது இல்லை. முதலில் மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தவர்கள் பெண்கள். "ஆம்பளைங்க எங்கே? பொம்பளைங்க நாங்க இங்கே இருக்கோம்" என்று கத்திக்கொண்டே ஆண்கள் வேலை செய்த பகுதிக்குள் போனார்கள். ஆலை நின்றது. சில நாளில் அரசு இறங்கி வந்தது.

2008இல் கோதுமை விலை ஏறி, மானிய ரொட்டிக்கான வரிசையில் அடிதடி நடந்து ஆட்களே செத்தார்கள். ரொட்டி சுடச்சொல்லி ராணுவத்துக்கு முபாரக் உத்தரவிட்டார். அந்த ஏப்ரல் 6 அன்று மஹல்லாவில் நடக்கவிருந்த வேலைநிறுத்தத்தைப் போலீஸ் முறியடித்தபோது ஊரே தெருவுக்கு வந்தது. முபாரக்கின் பெரிய படத்தைக் கிழித்துப் போட்டு மிதித்தார்கள். ஏப்ரல் 6 இளைஞர் இயக்கம் என்று பின்னால் உலகம் முழுக்கப் பேர் வாங்கிய அமைப்புக்குப் பெயர் தந்த தேதி இதுதான். 2011ஐ 'ஃபேஸ்புக் புரட்சி' என்று பலர் எழுதியதைப் படிக்கும்போது எனக்கு இன்றைக்கும் ஆறாது. ஃபேஸ்புக் உதவியது, மறுக்கவில்லை. ஆனால் முபாரக்கின் படத்தை மிதிக்கலாம் என்று எகிப்துக்குக் காட்டியவர்கள் மில் தொழிலாளர்கள்.

துனீசியாவிலும் கதை இப்படித்தான். 2010 டிசம்பர் 17 என்றே எல்லோரும் தொடங்குவோம். சீதி பூஸீத் என்ற சின்ன ஊர். 26 வயது தள்ளுவண்டிக்காரர் முகமது பூஅஸீஸி. நகராட்சி ஆட்கள் பழத்தையும் தராசையும் பிடுங்கிக்கொண்டார்கள். முறையிடப் போன இடத்தில் யாரும் காது கொடுக்கவில்லை. ஆளுநர் அலுவலக வாசலிலேயே தன்மேல் தீ வைத்துக்கொண்டார். தள்ளுவண்டி வைத்துப் பிழைக்கிறவனுக்கு தராசு என்றால் என்ன என்று நினைத்துப் பாருங்கள். பழம் போனால் ஒரு நாள் நட்டம். தராசு போனால் நாளையிலிருந்து தொழிலே இல்லை.

இதற்கு ஏறக்குறைய மூன்று வருடம் முந்தியே, 2008 ஜனவரியில், கஃப்ஸா பாஸ்பேட் சுரங்கப் பகுதி கொந்தளித்திருந்தது. கம்பெனி ஆளெடுப்பில் முறைகேடு என்று ரதைஃப் ஊர் மக்கள் ஏறக்குறைய ஆறு மாதம் விடாமல் போராடினார்கள். "வேலை எங்கள் உரிமை, திருட்டுக் கும்பலே!" என்ற கோஷம் அங்கே ஒலித்தது. அதிபர் பென் அலி அதை நசுக்கினார், வெளியே தெரியாமலும் பார்த்துக்கொண்டார். சீதி பூஸீதில் அதே கோஷம் திரும்பி வந்தபோது அதைத் தாங்கிப் பிடிக்க ஒரு தொழிற்சங்கம் இருந்தது. யூஜிடிடி என்கிற துனீசியத் தொழிலாளர் பொதுச் சங்கம், 1946இல் தொடங்கியது. பிரான்சுக்கு எதிரான விடுதலைப் போரில் தன் தலைவர் ஃபர்ஹாத் ஹஷாதையே பலி கொடுத்த அமைப்பு. மேலிடம் பென் அலியோடு சமாதானமாகத்தான் இருந்தது. ஊர்க்கிளைகள் அப்படி இல்லை. கூட்டம் போட ஓர் இடம், விரட்டினால் ஓடி ஒளிய ஓர் அலுவலகம், நாள் குறித்து வேலைநிறுத்தம் அறிவிக்க ஒரு கை எல்லாம் அந்தக் கிளைகளில் கிடைத்தன. வக்கீல்களும் கறுப்பு அங்கியோடு இறங்கினார்கள்.

ஜனவரி 13 இரவு பென் அலி டிவியில் பேசினார். எப்போதும் ஏட்டு அரபியில் பேசுகிற மனிதர் அன்று முதல்முறையாக ஊர்ப் பேச்சுக்கு இறங்கினார். "ஃப்ஹிம்த்கும்", உங்களைப் புரிந்துகொண்டேன் என்றார். ரொட்டி, பால், சர்க்கரை விலையைக் குறைக்கிறேன் என்றார். மறுநாள் தலைநகர் துனிஸின் பூர்கீபா சாலையில் "போய்விடு" என்று திரண்டது கூட்டம். அன்று மாலையே சவூதிக்கு விமானம் ஏறினார். 23 வருட ஆட்சி, கடைசியில் ரொட்டி விலையைப் பேரம் பேசிப் பார்த்துவிட்டுப் போனது. அந்த நாட்களில் எடுத்த ஒரு படம் உண்டு: கலவரத் தடுப்புப் போலீசுக்கு நேராக ஒருவர் நீள ரொட்டியைத் துப்பாக்கி மாதிரி தோளில் வைத்துக் குறிபார்க்கிறார்.

அப்புறம் துனீசியா செய்ததை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. 2011 அக்டோபரில் தேர்தல். 217 இடத்தில் 89 பெற்று இஸ்லாமியக் கட்சியான அந்நஹ்தா முதலில் வந்தது. 2013இல் இரண்டு இடதுசாரித் தலைவர்கள், பிப்ரவரியில் ஷுக்ரி பெலைத், ஜூலையில் முகமது பிராஹ்மி, சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாடு பிளக்கும் என்று எல்லோரும் நினைத்த நேரம். எகிப்தில் ராணுவம் அப்போதுதான் ஆட்சியைப் பிடித்திருந்தது. இங்கே தொழிற்சங்கம் தன்னோடு முதலாளிகள் சங்கம், மனித உரிமைக் கழகம், வழக்கறிஞர் சங்கம் மூன்றையும் சேர்த்துக்கொண்டு கட்சிகளை ஒரே மேஜையில் உட்கார வைத்தது. அந்நஹ்தா பதவியிலிருந்து இறங்கியது. 2014 ஜனவரியில் 216 பேர் வாக்களித்ததில் 200 பேர் ஆதரவோடு அரசியல் சட்டம் நிறைவேறியது. அந்த நால்வர் அணிக்கு 2015இல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. தொழிலாளர் சங்கமும் முதலாளி சங்கமும் சேர்ந்து நோபல் வாங்கியதை வேறெங்கே பார்க்க முடியும்?

பேச்சுரிமை வந்தது. பத்திரிகைகள் அமைச்சர்களைக் கிழித்தன. ஆனால் சீதி பூஸீதில் வேலை வரவில்லை. ஏறக்குறைய வருடத்துக்கு ஓர் அரசு மாறியது. 2011இல் ஒரு டாலருக்கு ஒன்றரை தினார் அளவில் இருந்தது, 2019இல் மூன்றைத் தொட்டது. ஐஎம்எஃப் கடனும் அதன் நிபந்தனைகளும் வந்தன. கட்சிகள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டியதில் இன்னொரு பெரிய தப்பும் நடந்தது. புதிய சட்டப்படி ஒரே வருடத்துக்குள் அமைத்திருக்க வேண்டிய அரசியல் சட்ட நீதிமன்றத்தை அவர்கள் அமைக்கவே இல்லை. யார் ஆள் நீதிபதியாவது என்று ஒத்துப்போகவில்லை. வீடு கட்டினார்கள், வாசலுக்குக் கதவு மட்டும் போடவில்லை.

அந்த வாசல் வழியாகத்தான் கைஸ் சயீத் வந்தார். அரசியல் சட்டம் கற்பித்த பேராசிரியர். கட்சி கிடையாது. மேடையிலும் செய்தித்தாளைப் படிப்பது போல ஏட்டு அரபிதான். 2019 அதிபர் தேர்தலில் எழுபது சதவீதத்துக்கு மேல் வாக்கு வாங்கினார், அதிலும் இளைஞர்கள் அள்ளிக் கொடுத்தார்கள். 2021 ஜூலை 25, கொரோனா சாவு உச்சத்தில் இருந்த நேரம். பிரதமரை நீக்கி நாடாளுமன்றத்தை முடக்கினார். அது சட்டப்படி சரியா என்று தீர்ப்புச் சொல்ல நீதிமன்றம் இல்லை. அன்று இரவு துனிஸ் தெருக்களில் மக்கள் காரில் ஹாரன் அடித்துக்கொண்டு கொண்டாடினார்கள். இந்த இடத்தைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. அந்த மக்களைக் குறை சொல்லவும் வரவில்லை. பத்து வருடம் பேச விட்டார்கள், சாப்பிட வழி செய்யவில்லை. பேச்சைப் பிடுங்கியபோது அதைப் பெரிய இழப்பாகப் பலர் எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு வந்தது வரிசையாக வந்தது. 2022இல் புதிய அரசியல் சட்டம், எழுதியது அவரே. அந்த டிசம்பரில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் நூற்றுக்குப் பதினோரு பேர்தான் வாக்களித்தார்கள். 'பொய்ச் செய்தி'க்குச் சிறை என்று ஆணை எண் 54. அந்நஹ்தாவின் தலைவர் கன்னூஷி 2023இல் கைதானார். 2024 தேர்தலில் எதிர்த்து நின்ற ஒருவர் சிறைக்குள்ளிருந்தே நின்றார். சயீதுக்குத் தொண்ணூறு சதவீதம் என்று அறிவித்தார்கள். புரட்சி நாளையும் ஜனவரி 14இலிருந்து டிசம்பர் 17க்கு மாற்றிவிட்டார். சரி, ரொட்டியாவது வந்ததா? 2023 கோடையில் துனீசியப் பேக்கரிகளின் வாசலில் விடிகாலையிலிருந்தே வரிசை நின்றது.

எகிப்தைப் பற்றிக் குறைவாகத்தான் எழுதப்போகிறேன். எழுதக் கை கூசுகிறது. துனீசியாவில் ராணுவம் சின்னது, கடை கண்ணி கிடையாது. எகிப்து ராணுவம் மக்ரோனியிலிருந்து பெட்ரோல் பங்க் வரை நடத்துகிற முதலாளி. "ராணுவமும் மக்களும் ஒரே கை" என்று 2011இல் மந்தூப்பும் பாடினார். 2013 ஜூலையில், தேர்தலில் வென்று அதிபரான முர்ஸியை ராணுவம் இறக்கியபோதும் சந்தோஷப்பட்டார், முர்ஸியின் ஒரு வருடத்தில் அவருக்கு வெறுத்துப் போயிருந்தது. ஆகஸ்ட் 14 அன்று ரபாஆ சதுக்கத்தில் ஒரே நாளில் குறைந்தது 817 பேரைக் கொன்றார்கள் என்று ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் கணக்கிட்டது. அந்த வாரம் மந்தூப் சாப்பிட ஸ்டோருக்கு வரவில்லை. அடுத்த வாரம் வந்தார். டிவி ஓடிக்கொண்டிருந்தது. ரிமோட்டை எடுத்து சத்தத்தைக் குறைத்தார்.

முர்ஸியை இறக்கிய சில நாளில் சவூதி 500 கோடி, அமீரகம் 300 கோடி, குவைத் 400 கோடி என்று மொத்தம் 1,200 கோடி டாலர் எகிப்துக்கு அறிவிக்கப்பட்டது. அரபு நாடுகளின் ஜனநாயகத்தைப் பேசும்போது இந்தப் பணத்தை விட்டுவிட்டுப் பேசுவதில் பொருளே இல்லை. குவைத் தன் நாட்டுக்குள் அதே காரியத்தை முன்கூட்டியே செய்துகொண்டதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். 2011 தொடக்கத்தில் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தை உட்பட, ஆயிரம் தினார். பதினாலு மாதத்துக்கு ரேஷன் பொருள் இலவசம். அரிசியும் அதில் உண்டு, அதாவது ஐஷ். சுதந்திரப் பொன்விழாப் பரிசு என்று சொன்னார்கள். துனிஸ் எரிந்துகொண்டிருந்த ஜனவரியில் அந்தப் பரிசின் அவசரம் யாருக்குத்தான் புரியாது? குடியுரிமையே இல்லாத பிதூன் மக்கள் பிப்ரவரியில் ஜஹ்ராவில் கூடி எங்களையும் மனிதராக எண்ணுங்கள் என்றபோது அவர்களுக்குக் கிடைத்தது கண்ணீர்ப்புகை.

ஆனாலும் குவைத்தில் ஒரு நாடாளுமன்றம் இருந்தது. 1963 முதல். அமைச்சரை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பதில் வளைகுடா மன்னராட்சிகளில் மிகவும் துணிந்த சபை. உறுப்பினர்கள் கத்துவதை டீக்கடை டிவியில் பார்த்திருக்கிறேன். 2024 மே மாதம் நாட்டின் மன்னரான அமீர் அதைக் கலைத்து, நான்கு வருடம் வரை தேர்தல் இல்லை என்று அறிவித்துவிட்டார். நம் செய்தித்தாள்களில் அது ஒரு பத்திகூட வந்ததாக எனக்கு நினைவில்லை.

இதையெல்லாம் அடுக்கினால் "அரபிகளுக்கு ஜனநாயகம் ஒத்து வராது" என்று சொல்ல ஆள் இருக்கிறது. கல்யாண வீட்டில் கேட்டிருக்கிறேன், படித்தவர்களே சொல்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது. ஒத்து வராத ஒன்றுக்காக யாரும் இத்தனை முறை சாகத் துணியமாட்டார்கள். 2011 தோற்றதைக் கண்ணால் பார்த்த பிறகும் 2018 டிசம்பரில் சூடானின் அத்பரா ரயில்வே ஊர் எழுந்தது. ஒரு சூடானியப் பவுண்டுக்கு விற்ற ரொட்டி மூன்று பவுண்டு ஆன வாரம் அது. நான்கே மாதத்தில், முப்பது வருடம் ஆண்ட அதிபர் பஷீர் போனார். 2019 பிப்ரவரியில் அல்ஜீரியா வெள்ளிக்கிழமைதோறும் ஊர்வலம் நடந்து அதிபர் பூத்தஃப்லிகாவை அனுப்பியது. அக்டோபரில் லெபனானில் "எல்லாரும் என்றால் எல்லாரும்தான்" என்று எல்லாக் கட்சித் தலைவர்களையும் ஒன்றாகச் சேர்த்துக் கோஷம். அதே மாதம் பாக்தாதில் அடிபட்டவர்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனவர்கள் துக்துக் ஓட்டும் பையன்கள். நம் ஊர் ஆட்டோதான். ஆம்புலன்ஸ் நுழைய முடியாத கண்ணீர்ப்புகைக்குள் கூலி வாங்காமல் போய் வந்தார்கள். அங்கே அறுநூறு பேர் அளவில் கொல்லப்பட்டார்கள். 2022இல் அரபு நாடுகளில் நடந்த பெரிய கருத்துக்கணிப்பில், ஜனநாயகத்தில் பொருளாதாரம் சீர்கெடுகிறது என்போர் கூடியிருந்தார்கள். குறைகள் இருந்தாலும் அதுதான் நல்ல முறை என்றும் பெரும்பாலோர் சொன்னார்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்கிற அந்தத் தெளிவை நான் மதிக்கிறேன்.

நம்பிக்கை வைக்க எங்கே பார்ப்பது என்று கேட்டால் நான் அரண்மனைகளைப் பார்க்கமாட்டேன், தேர்தல் தேதிகளையும் பார்க்கமாட்டேன். 2023 ஏப்ரலில் சூடானில் இரண்டு தளபதிகள், புர்ஹானும் ஹெமத்தியும், நாட்டைப் பிய்க்கத் தொடங்கினார்கள். அங்கிருந்த நம்மவர்களைக் கப்பலிலும் விமானத்திலும் மீட்ட நடவடிக்கைக்குக் காவேரி என்று பெயர் வைத்தார்கள், அது நினைவிருக்கும். போக இடமில்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்ட சூடானியருக்கு யார் சோறு போட்டது? 2019இல் தெருத்தெருவாக எதிர்ப்புக் குழு நடத்திய அதே இளைஞர்கள். அந்தக் குழுக்களே 'அவசர உதவி அறை'களாக மாறி, குண்டு விழும் கார்த்தூமில் பெரிய அண்டாவில் பயறு வேகவைத்தார்கள். எந்தத் தெருவில் எத்தனை பேர், யாருக்கு இன்றைக்குக் கிடைக்கவில்லை என்று நோட்டுப் போட்டுக் கணக்கு வைத்தார்கள். மஹல்லா மில்லிலும் ரதைஃப் சங்கக் கிளையிலும் நான் பார்க்கிறது இதைத்தான். ஆட்சியாளன் விழுந்த மறுநாள் இப்படிப்பட்டவர்கள் கையில் ஏதாவது அதிகாரம் இருந்த இடத்தில்தான் கொஞ்ச காலமாவது ஜனநாயகம் நின்றது. அது இல்லாத இடத்தில் துப்பாக்கியோ பணமோ வைத்திருந்தவன் வந்து உட்கார்ந்துகொண்டான். சிரியாவுக்கும் இந்தக் கேள்விதான் இப்போது. ஐந்து வருட இடைக்காலம் என்று அறிவித்திருக்கிறார்கள். ஆயுதக் குழுவின் தலைவராக வந்து அதிபரான அஹ்மத் அல்-ஷராவைக் கேள்வி கேட்க யாரை விடுகிறார்கள் என்பதில் எல்லாம் இருக்கிறது.

மந்தூப் கொரோனா சமயத்தில் ஊருக்குப் போய்விட்டார். நானும் அதற்கு முன்பே திரும்பிவிட்டேன். பெருநாளுக்குப் பேசிக்கொள்வோம். 2024 ஜூனில் பேசும்போது, எகிப்தில் மானிய ரொட்டி விலையை ஐந்து பியாஸ்தரிலிருந்து இருபதாக்கிவிட்டார்களாமே என்று கேட்டேன். முப்பது வருடத்துக்கு மேல் எந்த ஆட்சியும் தொடப் பயந்த விலை அது. சற்று நேரம் அவர் பேசவில்லை. பிறகு "அல்ஹம்துலில்லாஹ், சாப்பிடுகிறோம். உன் பெண் என்ன படிக்கிறாள்?" என்றார்.

அந்த டிசம்பர் 8 காலையில் அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்திருந்தது. சிரிய அதிபர் அசத் டமாஸ்கஸை விட்டு ஓடிய செய்தி அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. டமாஸ்கஸ் தெருவில் ஆட்கள் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். கீழே அவர் ஒரு வரியும் எழுதவில்லை. 2011இல் அவர் கட்டில் மேல் நின்றதைச் சொல்லிப் பதில் எழுதத் தொடங்கினேன். எழுதி முடித்து மேலே பார்த்தபோது வீடியோ இருந்த இடத்தில் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று இருந்தது. நான் எழுதியதை அனுப்பவில்லை.